கல்சியத்தின் மேல் பழி போடாதீர்கள்

டீச்சரிடம் கேளுங்கள்

இந்த மாதக் கடிதங்களில் நான்கு, ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. அந்த இடம் இரத்தக் குழாயின் சுவர். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த நான்குக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. கொழுந்து பறிக்கிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் தருகிறார்கள். அது என்ன மருந்து என்று கிளினிக்கில் கேட்டேன். "கல்சியத்தை அடைக்கும் மருந்து" என்றார்கள். அன்றிலிருந்து பால், நெத்தலி, அகத்திக்கீரை எதையும் என் மகள் எனக்குத் தருவதில்லை. கல்சியம் கூடினால் பிரஷர் கூடுமா, டீச்சர்?
— பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

இன்றிரவே ஒரு கோப்பை பால் குடியுங்கள். மகள் உங்கள் மேல் உள்ள அக்கறையால்தான் தடுக்கிறாள். ஆனால் குற்றம் செய்யாதவனைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

வளர்ந்த ஒருவருடைய உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோ கல்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் கொஞ்சக் கல்சியத்தின் அளவை உடம்பு மிகக் கண்டிப்பாகக் காக்கிறது. கழுத்தில், தைரொயிட்டுச் சுரப்பியின் பின்பக்கம், நெல்மணி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அந்தக் காவல் அவற்றின் வேலை. நீங்கள் கல்சியம் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் கல்சியம் குறைந்து பிரஷர் இறங்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி நடப்பதில்லை. அந்தச் சுரப்பிகள் எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுத்துவிடும். 46 வயதில், தலையில் கயிறு போட்டுக் கூடை சுமந்து மலை ஏறி இறங்கும் ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து களவு போகலாமா? இன்னும் சில ஆண்டுகளில் மாதவிடாய் நிற்கும்போது எலும்பு தானாகவே தேயத் தொடங்கும். இப்போதே அதைப் பட்டினி போடாதீர்கள்.

அப்படியென்றால் மருந்து அடைப்பது எதை? இரத்தத்தைப் பகிர்ந்து கொடுக்கும் சிறிய நாடிகளின் சுவரில் தசை வளையம் வளையமாகச் சுற்றியிருக்கிறது. அந்தத் தசைக் கலங்களுக்கு வெளியே உள்ள கல்சியம், உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. கலம் தன் கதவுகளை மூடிவைத்து, உள்ளே வந்ததையும் ஓயாமல் வெளியே இறைத்து, இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. கதவு திறந்து சிறிது கல்சியம் உள்ளே போனாலும் தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும். அம்லோடிபின் அந்தக் கதவுகளில் ஒரு வகையை மட்டும் அடைக்கிறது. காசல்ரீ அணைக்குக் கீழே குடியிருப்பவர் நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று தினமும் பயப்படுவதில்லை. கதவைத் திறந்தார்களா என்றுதான் கேட்பார். உங்கள் மருந்தின் விஷயமும் கதவைப் பற்றியது. பால் கோப்பைக்கும் அதற்கும் வழக்கில்லை.

குழாய் ஒடுங்குவது ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் புவாசேய் 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்தார். குழாயின் ஆரை பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றுதான் நம் மனம் எண்ணும். அவர் கண்டது வேறு. ஆரை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு ஒடுங்கினாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே அளவு இரத்தத்தைத் தள்ள வேண்டுமானால் இதயம் அவ்வளவுக்குக் கூடுதலாக அழுத்த வேண்டும். கிளினிக்கில் கையில் பட்டி கட்டி அளப்பது அந்த அழுத்தத்தைத்தான்.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரையோடு கல்சியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள். உணவில் கல்சியம் குறைந்த இடங்களில், கர்ப்ப காலத்தில் பிரஷர் ஆபத்தாக ஏறுவதைத் தடுக்கக் கல்சியம் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. கல்சியம் பிரஷரைக் கூட்டும் பொருளாக இருந்தால் இப்படிச் சொல்வார்களா? இதை மகளிடம் சொல்லுங்கள், அவள் மனம் ஆறும்.

நெத்தலிக் கருவாட்டில் மட்டும் மகள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. காரணம் அதிலுள்ள உப்பு. ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்கு உள்ளேதான் உப்பு போக வேண்டும். ரொட்டி மாவில் உப்பு, கட்டச் சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு என்றால் பகல் சாப்பாட்டிலேயே அது தாண்டிவிடும். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைக் குறையுங்கள். அகத்திக்கீரை தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். ஓமோன்கள் கலத்துக்குள் நுழைவதில்லை என்று குறிப்பில் இருக்கிறது. நுழையாத ஒன்று கலத்துக்குள் கல்சியத்தை எப்படிக் கூட்டுகிறது? ஆஞ்சியோடென்சினை வைத்து விளக்குவீர்களா?
— மாணவர், பண்டாரவளை

முதலில் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள், தம்பி. ஸ்டீரொயிட்டு ஓமோன்களும் தைரொட்சினும் உள்ளே நுழைகின்றன. நுழையாதவை ஆஞ்சியோடென்சின், வாசோபிரசின், அதிரினலின் போன்றவை. அவை கலத்தைச் சுற்றியுள்ள கொழுப்பாலான மென்சவ்வைக் கடக்க முடியாதவை.

இரத்தக் குழாயை ஒடுக்கும் ஓமோனான ஆஞ்சியோடென்சின் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. குருதியமுக்கம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியத்தை விடுகிறது. ரெனின், ஈரல் அனுப்பிய ஒரு பெரிய புரதத்திலிருந்து பத்து அமினோ அமிலத் துண்டொன்றை வெட்டுகிறது. நுரையீரலின் குழாய்ச் சுவரிலுள்ள நொதியம் அதிலிருந்து இரண்டை நறுக்கி எட்டாக்குகிறது. அந்த எட்டுதான் ஆஞ்சியோடென்சின் இரண்டு. ரெனினை 1898-இல் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துக் காட்டியவர்கள் திகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர்.

இனி உங்கள் கேள்வி. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் விடியலில், வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு, தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அடிப்பவர் எந்தக் காம்பிராவுக்குள்ளும் நுழைவதில்லை. ஓசை மட்டும் சுவரைக் கடக்கும். உள்ளே அம்மா எழுந்து விளக்கைக் கொளுத்துவார். விளக்கைக் கண்டு நாங்கள் எழுவோம். வீடு முழுவதும் அசையத் தொடங்கும். தப்புக்காரர் அதற்குள் அடுத்த லயத்துக்குப் போயிருப்பார். ஓமோன் செய்வது இந்தக் காரியத்தைத்தான்.

சுவராக நிற்பது ஏடி1 என்ற வாங்கி, அதாவது ஓமோனின் செய்தியை வாங்கும் புரதம். இந்தப் புரதம் மென்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. ஒரு முனை வெளியே, மறு முனை உள்ளே. வெளிப்பக்கம் ஆஞ்சியோடென்சின் வந்து பொருந்தியதும் புரதம் முழுவதும் சற்று முறுகுகிறது. அந்த முறுக்கம் உள் முனையில் தெரிகிறது. அங்கே ஒட்டிக் காத்திருக்கும் ஜி புரதம் தன்னிடமிருந்த குவனோசின் இருபொஸ்பேற்றை விட்டுவிட்டு, அதைவிட ஒரு பொஸ்பேற்றுக் கூடிய குவனோசின் முப்பொஸ்பேற்றைப் பற்றிக்கொள்கிறது. அதனால் விழித்தெழுந்து, பொஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியத்தை இயக்குகிறது. அந்த நொதியம் மென்சவ்வின் உட்புறத்தில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. ஒரு பாதி மென்சவ்விலேயே தங்கிவிடும். மறு பாதி நீரில் கரைவது, கலத்தின் உட்பகுதிக்கு மிதந்து போகும். அதன் பெயர் இனோசிற்றோல் முப்பொஸ்பேற்று, சுருக்கமாக ஐபி3. எங்கள் காம்பிராவில் அம்மா கொளுத்திய விளக்கு இதுதான்.

தசைக் கலத்துக்குள் அகமுதலுருச் சிறுவலை என்ற சவ்வுப் பைகளில் கல்சியம் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் சுவரில் ஐபி3-க்கு என்றே ஒரு வாங்கி உண்டு. அதுவே வாசலும்கூட. ஐபி3 பொருந்தியதும் வாசல் திறந்து கல்சியம் கொட்டுகிறது. கொட்டிய கல்சியம் பக்கத்து வாசல்களையும் திறக்கத் தூண்டுவதால், கலத்தின் ஒரு முனையில் தொடங்கியது அலையாக மறுமுனைக்கு ஓடுகிறது. கல்சியத்தோடு ஒட்டினால் ஒளிரும் சாயத்தை ஊட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் அந்த அலையைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்த படியில்தான் விடைத்தாள்களில் பிள்ளைகள் புள்ளியை இழப்பார்கள். எலும்புத் தசையிலும் இதயத் தசையிலும் கல்சியம் ட்ரோபோனினோடு சேரும் என்று படித்திருப்பீர்கள். குழாய்ச் சுவரின் மழமழப்பான தசையில் அந்த ஏற்பாடு இல்லை. இங்கே நான்கு கல்சிய அயன்கள் கல்மொடியூலின் என்ற புரதத்தோடு சேர்கின்றன. அது ஒரு நொதியத்தை எழுப்புகிறது. அந்த நொதியம் மயோசின் என்ற தசைப் புரதத்துக்குப் பொஸ்பேற்று ஒட்டுகிறது. அதன் பிறகே மயோசின், அக்டின் என்ற மற்றத் தசைப் புரதத்தைப் பிடித்து இழுக்கும். படிகள் கூடுவதால் இந்தத் தசை மெதுவாகச் சுருங்கும். ஆனால் சுருங்கிய நிலையை மிகக் குறைந்த சக்தியில் நெடுநேரம் பிடித்துவைத்திருக்கும். இரவும் பகலும் குழாயைப் பிடித்து நிற்க வேண்டிய தசைக்கு அதுவே பொருத்தம்.

உள் சேமிப்பு சிறியது, சீக்கிரம் தீர்ந்துவிடும். சிறுவலை காலியாவதை அதன் சுவரிலுள்ள ஸ்டிம் என்ற புரதம் உணர்ந்து, வெளிச் சவ்விலுள்ள ஓராய் என்ற வாசலைத் திறக்கச் செய்கிறது. சவ்வின் மின்னழுத்தம் மாறுவதால் திறக்கும் வேறு வாசல்களும் உண்டு. முதற் கேள்வி கேட்ட அக்காவின் அம்லோடிபின் அடைப்பது இந்த இரண்டாம் வகையை. மென்சவ்விலேயே தங்கிய கொழுப்புப் பாதியும் சும்மா இருப்பதில்லை. மயோசினிலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியத்தை அது வேறு புரதங்கள் வழியாகத் தடுக்கிறது. அதனால் அதே அளவு கல்சியத்துக்குக் கூடுதல் சுருக்கம் கிடைக்கிறது. ஓமோன் விலகியதும் பம்பிகள் கல்சியத்தைச் சிறுவலைக்குள்ளும் கலத்துக்கு வெளியேயும் இறைத்துவிடும். பொஸ்பேற்றும் கழன்றுவிடும், குழாய் விரியும்.

இவ்வளவையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதாமல் என்னால் விட முடியாது. 1883-இல் இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டிருந்தார். வாலைவடித்த நீரில் செய்த கரைசலில் இதயம் நின்றது. குழாய்த் தண்ணீரில் செய்தபோது துடித்தது. குழாய்த் தண்ணீரில் கல்சியம் இருந்ததுதான் காரணம். தசைக்குக் கல்சியம் வேண்டும் என்று உலகம் அறிந்தது அப்படி. 1953-இல் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதியர் புறாவின் கணையத் துண்டுகளில், வெளியிலிருந்து வரும் செய்தியால் சவ்வின் கொழுப்பு மாறுவதைக் கண்டார்கள். எதற்காக மாறுகிறது என்பது நெடுங்காலம் புரியவில்லை. அது கல்சியத்தோடு தொடர்புடையது என்று 1975-இல் ரொபர்ட் மிச்செல் வாதாடினார். கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ் ஆராய்ந்தது நீல ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை. இறைச்சிக் கடையில் மொய்க்கும் ஈயின் இனம் அது. செரொட்டோனின் பட்டதும் அந்தச் சுரப்பியில் இனோசிற்றோல் பொஸ்பேற்றுகள் விரைவாகப் பிறப்பதை அவர் கண்டார். பிறகு 1983-இல் ஸ்ட்ரெப், இர்வின், சூல்ஸ் ஆகியோரோடு சேர்ந்து, ஐபி3 சிறுவலையிலிருந்து கல்சியத்தை விடுவிக்கிறது என்று கணையக் கலங்களில் நிரூபித்தார். நம் தாய்மாரின் இரத்தக் குழாயில் நடப்பதைப் புறாவும் ஈயும் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: மார்கழி, தை மாதங்களில் என் கணவருக்குப் பிரஷர் கூடுதலாகக் காட்டுகிறது. சாப்பாட்டில் மாற்றமில்லை. குளிர் காரணமாக இருக்குமா?
— வாசகி, நுவரெலியா

இருக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் வாழ்கிறீர்கள், அந்த மாதங்களில் விடிகாலையில் புல்லில் உறைபனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் குளிரை உணர்ந்ததும் நரம்பு முனைகள் நோரதிரினலினை விடுகின்றன. குழாய்ச் சுவரில் அதற்கென்று வேறு வாங்கி இருக்கிறது. ஆனால் உள்ளே போகும் பாதை மேலே மாணவருக்குச் சொன்ன அதே பாதை: ஜி புரதம், ஐபி3, கல்சியம், சுருக்கம். உடம்பின் சூடு வெளியேறாமல் காக்கத் தோலின் குழாய்கள் ஒடுங்குகின்றன. படங்கு கட்டி மழையில் கொழுந்து பறிப்பவர்களின் விரல் நுனி வெளுத்துப்போவது இதனால்தான். எழுந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிப்பதை அவர் விடட்டும், தலையையும் காதையும் மூடிக்கொண்டு வெளியே போகட்டும். அளந்த கணக்குகளைத் திகதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். குளிர் மாதம் என்று நீங்களே மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: என் அத்தைக்கு 61 வயது. காலையில் லொசார்டன், இரவில் அம்லோடிபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பிரஷருக்குத்தானே, ஒன்று போதாதா? அம்லோடிபின் தொடங்கிய பின் கணுக்கால் வீங்குகிறது. அதனால் தலை கிறுகிறுக்கும் நாளில் மட்டும் அதை எடுக்கிறார்.
— வாசகர், மஸ்கெலியா

மேலே எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. லொசார்டன் ஏடி1 வாங்கியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஞ்சியோடென்சின் வந்தாலும் இடம் கிடைக்காது, தப்பின் ஓசை வீட்டுக்குள் கேட்காது. ஆனால் நோரதிரினலினுக்கும் வாசோபிரசினுக்கும் வேறு வாங்கிகள் இருக்கின்றனவே! அவை கல்சியத்தை எழுப்பிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அம்லோடிபின் கல்சியம் நுழையும் வாசலில் நிற்கிறது. ஒன்று செய்தியைத் தடுக்கிறது, மற்றது செய்தியின் விளைவைத் தடுக்கிறது. ஒன்றுக்கு மற்றது பதிலாகாது. பிள்ளை உண்டாகியிருக்கும் பெண்கள் லொசார்டன் எடுக்கவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டிலுள்ள ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் எடுக்கும் பழக்கம் நம் லயங்களில் இருக்கிறது.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபினால் பலருக்கு வருவது. சிறு நாடிகள் நன்றாக விரிந்துவிடுகின்றன, மறுபக்கத்து நாளங்கள் அதே அளவு விரிவதில்லை. நடுவிலுள்ள மயிர்த்துளைக் குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது, மாலையில் அது காலில் இறங்குகிறது. ஆனால் இதயமும் சிறுநீரகமும் பழுதானாலும் கால் வீங்கும். ஆகவே மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். லொசார்டனையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு இந்த வீக்கம் குறைவாகவே இருக்கும். அத்தை லொசார்டனை ஒழுங்காக எடுக்கிறாரா என்றும் பாருங்கள்.

கிறுகிறுக்கும் நாளில் மட்டும் எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அம்லோடிபின் மெதுவான மருந்து. விழுங்கி 6 முதல் 12 மணித்தியாலம் கழித்துத்தான் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வரும். நாள்தோறும் எடுத்து ஒரு வாரமளவில்தான் நிலையான அளவு சேரும். காலையில் தலை சுற்றியது என்று அப்போது ஒன்று போட்டால் அந்தத் தலைச்சுற்றலுக்கு அது உதவப்போவதில்லை. அதோடு பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலை சுற்றாத நாளில் அது இறங்கியிருக்கிறது என்று எண்ணக் கூடாது.

என் அம்மாவும் அப்படித்தான் எடுத்தார். தலைவலி வந்தால் ஒன்று, வராவிட்டால் இல்லை. "நல்லா இருக்கிறப்ப மருந்து எதுக்கு, பிள்ளை?" என்று கேட்பார். நான் உயிரியல் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒருநாள்கூட உட்காரவைத்துச் சொல்லவில்லை. ஒரு மாலை பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவர் அங்கேயே விழுந்தார். வலப்பக்கம் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். மாதத்துக்கு என்று கொடுத்த முப்பதில் இருபத்திரண்டு மாத்திரைகள் அதில் இருந்தன. அடுத்த கிளினிக்குக்கு மூன்று நாட்களே இருந்தன.

அத்தை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இன்று மாலை அவருடைய மாத்திரைகளை வாங்கி எண்ணிப் பாருங்கள். மிச்சம் எத்தனை என்று கிளினிக் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். காலில் வீக்கம் இருப்பதையும் அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.